புதுப்பிப்பு: தெர்மாகோல் குதிரை ஒருவழியாக நின்றுவிட்டது

காரைக்குடியில் ஒரு கல்யாண மேடைக்கு ஏழடி உயர அய்யனார் குதிரையைத் தெர்மாகோலில் செதுக்க வேண்டும், எதைக் கொண்டு வெட்டுவது, புகை ஆபத்தா என்று போன மாதம் உங்களிடம் இங்கே கேட்டிருந்தேன். குதிரை முடிந்துவிட்டது. பின்னங்கால் ஒன்று மட்டும் இரண்டாவது பிறவி.

பெரிய வடிவத்தை, மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கும் நைக்ரோம் (நிக்கல்-குரோமியம்) கம்பியால் வெட்டினேன். கம்பி சிவக்கக் கூடாது. சிவந்தால் புகையும் கூடும், வெட்டும் கோணும். அந்தப் புகையில் ஸ்டைரீன் என்ற கெடுதலான ஆவி இருக்கிறது, துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. கார்பன் வடிகட்டி உள்ள கவசம் போட்டு, வளவின் திறந்த முற்றத்திலேயே வேலை செய்தேன். வற்றல் காயப்போட இடமில்லை என்று ஆச்சி மூன்று நாள் முணுமுணுத்தார்கள்.

பிடரிக்கு மெத்தை ஃபோம். அதிலும் கம்பியை வைக்கப் போனேன். நல்லவேளை, நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. மெத்தை ஃபோம் பாலியூரித்தேன், அது கருகினால் ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷவாயுகூட வரலாம். நீள பிளேடு கட்டரால் அறுத்தேன், கை உடம்பை விட்டு வெளிப்பக்கமாகப் போகிற மாதிரி.

அப்புறம் அந்தக் கால். அவசரத்தில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்று, முழங்கால் குழிந்தே போனது. புதுக் கால் செதுக்கி, ஃபெவிகாலில் காகிதம் ஒட்டிக் காயவைத்து, தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் பூசினேன்.

தேய்த்தபோது பறந்த வெள்ளை உருண்டைகள் இன்னும் ஆத்தங்குடிக் கல் தரையில் அகப்படுகின்றன. துடைப்பத்துக்கு அடங்காது, ஈரத்துணிதான்.