அப்பாவின் மொபிலிட்டி ஸ்கூட்டர் நகர மறுக்கிறது

கடலூர், திருப்பாதிரிப்புலியூர். அப்பா உட்கார்ந்து ஓட்டுகிற நாலு சக்கர பேட்டரி ஸ்கூட்டர், செகண்ட் ஹேண்டில் வாங்கி 2 வருஷம் ஆகிறது. 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட். போன வாரம் தேவனாம்பட்டினம் பீச் வரை போய் வந்தார், மறுநாள் காலையிலிருந்து அசையவில்லை.

சாவி போட்டால் ஹாரன் அடிக்கிறது, சார்ஜ் முள் பச்சையில் நிற்கிறது, ஆனால் ஹேண்டிலில் இருக்கும் விரல் லீவரை அழுத்தினால் விளக்கு 5 தடவை மினுக்கி நிற்கும், மறுபடி 5. முன்பெல்லாம் கிளம்பும்போது பின்பக்கம் மோட்டாரில் 'டக்' என்று பிரேக் விடுபடும் சத்தம் வரும். இப்போது அது இல்லை.

ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டேன், மீட்டரில் 25.8 வோல்ட். வண்டியைக் கையால் தள்ள மோட்டாரை விடுவிக்கும் நெம்புகோல் ஓட்டும் நிலையில்தான் இருக்கிறது. கனெக்டரில் பச்சை பூத்திருந்தது (உப்புக்காற்று, வேறென்ன), சுரண்டித் துடைத்தும் பலனில்லை. அப்புறம் பிரேக் காயிலின் (கரண்ட் வந்ததும் மோட்டார் பிரேக்கை விடுவிக்கும் கம்பிச் சுருள்) இரண்டு ஒயரைக் கழற்றி ஓம்ஸ் பார்த்தேன், மீட்டர் எதுவுமே காட்டவில்லை. காயில் அறுந்திருந்தால் கன்ட்ரோலர் மோட்டாருக்குக் கரண்ட் விடாது என்பது தெரியும், ஆனால் பார்க்க வந்த மெக்கானிக்கோ திறந்துகூடப் பார்க்காமல் கன்ட்ரோலரையே மாற்றச் சொல்கிறார்.

இந்த 24 வோல்ட் பிரேக் காயிலைத் திரும்பச் சுற்றித் தருகிறவர் கடலூரிலோ பாண்டியிலோ யாராவது இருக்கிறார்களா?