காரைக்குடி பக்கம் ஒரு சனிக்கிழமை: அஞ்சு ஃப்ரெண்ட்ஸ், மசாஜ், தாயம்… எப்படி பிளான் பண்றது?

திருச்சிப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். காலேஜ்ல ஒண்ணா படிச்ச அஞ்சு பேர் ரொம்ப வருஷம் கழிச்சு சேருறோம், மூணு பேர் திருச்சி, ரெண்டு பேர் மதுரை, அதனால நடுவுல காரைக்குடின்னு முடிவாச்சு. பிள்ளைங்க, வீட்டுக்காரங்க யாரும் வரல. நல்லா ஒரு எண்ணெய் மசாஜ், அப்புறம் உக்காந்து ஏதாவது விளையாடணும், நிறைய பேசணும், அவ்ளோதான் ஆசை. ஆனா வாட்ஸ்அப் குரூப்ல பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை, ஆத்தங்குடி டைல்ஸ், கண்டாங்கி சேலை, பழைய சாமான் கடைன்னு லிஸ்ட் நீண்டுக்கிட்டே போகுது. ஒரு நாள்ல எதை வச்சுக்கலாம், எதை விடலாம்?

கோட்டையூர்க்காரி:
லிஸ்ட்ல பாதிக்கு மேல விட்டுருங்கம்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஹோட்டலா மாத்தியிருக்காங்க, அதுல ஒண்ணுல பகலுக்கு மட்டும் இருக்க விடுவாங்களான்னு முன்னாடியே போன்ல கேளுங்க, மசாஜ் உண்டான்னும் அப்பவே கேட்டுருங்க, எல்லா இடத்துலயும் இருக்காது. இல்லேன்னா எண்ணெய்க் குளியலே போதும். எங்க வீட்ல நல்லெண்ணெயில ரெண்டு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டு, பொரிஞ்சதும் இறக்கி வெதுவெதுப்பா தேய்ப்போம், ஒருத்தர் தலையை இன்னொருத்தர் புடிச்சு விடணும், அதுல வர்ற பேச்சே தனி. அரை மணி ஊறி சீயக்காய், உடம்புக்கு நலங்கு மாவு. எண்ணெய் தேய்ச்ச அன்னைக்குப் பகல்ல தூங்கக் கூடாதுன்னு எங்க ஆத்தா கண்டிப்பா சொல்லுவாக, ஆனா கண்ணு தானா சொக்கும், அதனால சாப்பிட்டதும் தாயக்கட்டையும் பல்லாங்குழியும் வெளியே வந்துரும். நீங்க கேக்குற மசாஜும் விளையாட்டும் எங்களுக்கு எப்பவுமே ஒரே நாள் சமாச்சாரம்தான்.

மதுரை மீனா:
அக்கா சொன்னது சரி. ஒண்ணு மட்டும் சேக்குறேன், மசாஜை காலையிலயே முடிச்சுருங்க. நாங்க போன வருஷம் ஒரு இடத்துல கோழிக் குழம்பு, நண்டுன்னு இலை நிறைய சாப்பிட்டு ரெண்டு மணிக்கு மசாஜுக்குப் படுத்தோம், குப்புறப் படுக்கவே முடியல, ஒருத்திக்கு வாந்தியே வந்துருச்சு. பிரஷர், முதுகுவலி, சமீபத்துல ஆபரேஷன்னு யாருக்காவது இருந்தா தேய்ச்சு விடுறவங்ககிட்ட வெக்கப்படாம முதல்லயே சொல்லணும். அப்புறம் ஆத்தங்குடியை மட்டும் விட்டுறாதீங்க ப்ளீஸ். அங்க தரைக்குப் போடுற டைல்ஸை, கண்ணாடி மேல அச்சு வச்சு கலரை ஊத்தி, அச்சை எடுத்துட்டு, அதுக்குப் பின்னாடி மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணியில ஊறவச்சு எடுக்குறாங்க, சூளையில சுடுறதே இல்ல. அந்தப் பளபளப்பு கண்ணாடி குடுக்குறது. சாயங்காலம் வெயில் தாழ்ந்து ஒரு மணி நேரம் போதும், ஆனா வேலை நடக்குற நேரமான்னு கேட்டுட்டுப் போங்க.

புளியங்கொட்டை:
விளையாட்டு பத்தி யாரும் விவரமா சொல்லல. அஞ்சு பேர்னா தாயத்துக்கு நாலு பேர், ஒருத்தர் மாத்தி மாத்தி வரலாம். ஒண்ணு விழுந்தாதான் தாயம், அது விழாம காய் இறங்காது. ஒண்ணு, அஞ்சு, ஆறு, பன்னெண்டு விழுந்தா மறுபடி உருட்டணும். வெட்டு வாங்குன காய் முதல்லேர்ந்து வரணும், அங்கதான் சத்தமே கூடும். பல்லாங்குழி ரெண்டு பேருக்கு, 14 குழி, எங்க பக்கம் குழிக்கு அஞ்சு முத்து, குழியில நாலு சேந்தா அது பசு, அந்தக் குழிக்காரங்க எடுத்துக்கணும். சில வீட்ல ஆறு முத்து போடுவாங்க, ஆட்டத்துக்கு முன்னாடி பேசி முடிவு பண்ணிருங்க. ஆடுபுலிக்கு மூணு புலி, பதினஞ்சு ஆடு, பலகை இல்லேன்னா சாக்பீஸ்ல கோடு போட்டா போதும். அந்தப் பழைய வீட்டுப் பட்டாலையில, அதாவது கூடத்துல, பாய் விரிச்சு உக்காருங்க. அந்தக் காலத்து சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், உசந்த கூரை, நடுவுல வளவுன்னு சொல்ற திறந்த முற்றம், மத்தியானம்கூட உள்ள குளுகுளுன்னு இருக்கும்.

திருச்சிப்பொண்ணு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். குரூப்ல சொல்லிட்டேன், காலையில எண்ணெய், மத்தியானம் தாயம், சாயங்காலம் ஆத்தங்குடி, வேற எதுவும் கிடையாது. அக்கா, இன்னொரு சந்தேகம், நாலு மணிக்கு காபியோட சாப்பிட என்ன சொல்லி வைக்கலாம்?

கோட்டையூர்க்காரி:
வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் சொல்லி வைங்கம்மா. இனிப்புக்கு கந்தரப்பம். பணியாரத்துக்கு அரிசி ஊறப் போடணும், அதனால முதல் நாளே சொல்லிருங்க, சுடச்சுட போட்டுக் குடுக்கச் சொல்லுங்க.