வாயால் சொல்கிறான், தாளில் எழுத முடியவில்லை: மதிப்பெண் எப்படிப் போடுவது?

கேள்வி (நான்காம் வகுப்பு ஆசிரியை):
ஆவியாதல் என்றால் என்ன என்று கேட்டால், கொடியில் ஈரத்துணி காய்வதை வைத்து அழகாக விளக்குகிற மாணவன். அதே கேள்வி தாளில் வந்தால் ஒரு வரி தேறுவதில்லை. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இன்னும் முதல் படியான 'அரும்பு' நிலைதான். அறிவியலுக்கு வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் போட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் ஆகாதா? கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்கு இப்போதே அனுப்பலாமா?

பதில் 1 (சிறப்பாசிரியர்):
அநியாயமே இல்லை டீச்சர். அறிவியல் தாள் அறிவியலைத்தான் அளக்க வேண்டும். கேள்வியை அப்படியே வாசித்துக் காட்டுங்கள், விளக்க வேண்டாம். அவன் சொல்வதை அவன் சொல்லிலேயே எழுதி, எல்லோருக்கும் வைத்த அதே விடைக்குறிப்பில் திருத்துங்கள். தமிழ் வாசிப்புத் தேர்வில் மட்டும் வாசித்துக் காட்டக் கூடாது. அங்கே அளப்பதே வாசிப்பைத்தான்.

சான்றிதழை யோசிக்கும் முன் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பிறகு, இரண்டாம் வகுப்பு அளவில் அவன் பார்த்திராத மூன்று பத்திகளை வாசிக்க வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். சரியாக வாசித்த சொற்களை எண்ணி, மூன்றில் பெரிதும் சிறிதும் அல்லாத நடு எண்ணை எடுங்கள். ஒரே பத்தி போதாது. கதை தெரிந்திருந்தாலே எண் ஏறிவிடும்.

பிழைகளை வகை பிரித்துக் குறியுங்கள். ர-ற, ல-ள-ழ, ன-ண மாறுவதைப் பெரிதாக எடுக்காதீர்கள். பல ஊர்ப் பேச்சில் அந்த வேறுபாடு தேய்ந்துவிட்டதால் எல்லாப் பிள்ளைகளும் தடுமாறுவார்கள். புள்ளி விடுபடுவது, 'பட்டம்' 'படம்' ஆவது, எழுத்துகள் இடம் மாறுவது ஆகியவை பயிற்சி கொடுத்தும் மாதக்கணக்கில் நீடித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பதில் 2 (வாசிப்புப் பயிற்றுநர்):
'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். காதில் முதலில் விழுவது 'க்'. கண்ணில் முதலில் படுவது கொம்பு. நடுவில் க, கடைசியில் கால். மூன்று துண்டு, ஒரே ஒலி. 'கௌ' என்பதைக் 'கெள' என்று வாசிப்பதும் இந்தச் சிக்கல்தான்.

தினம் 15 நிமிடம், ஒரு வாரத்துக்குக் கொம்பு, கால் போன்ற ஒரே ஒரு உயிர்க்குறி. க, ம, ப அட்டைகள். கொம்பு தனி அட்டை. பிள்ளை எழுத்து அட்டையைத் தொட்டு அதன் மெய்யொலியைச் ('க்' போல) சொன்ன பிறகே கொம்பைப் பக்கத்தில் நகர்த்த வேண்டும். பத்துச் சொற்களில் எட்டு பழகியவை, இரண்டு புதியவை. கடைசியில் மூன்று சொற்களைச் சொல்லி எழுத வையுங்கள். ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் ஒரே வாரத்தில் கொண்டுவந்தால் இரண்டுமே குழம்பும். 247 எழுத்தையும் பத்து முறை எழுதச் சொல்லும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்; கை வலிக்கும், ஒலி ஒட்டாது.

பதில் 3 (பள்ளி உளவியலாளர்):
சான்றிதழ் பற்றி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் மட்டும் வரும் தடுமாற்றம்) என்பதும் ஒன்று. 2018இல் வந்த வழிகாட்டுதல், 8 வயது நிரம்பியபின் சான்றிதழ் பெறலாம் என்றது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்க வேண்டும் என்றும் அது சொன்னது. வகுப்பில் வாசித்துக் காட்டவும் கூடுதல் நேரம் தரவும் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர் தேவைப்படுமானால் எட்டாம் வகுப்பிலேயே பழக்குங்கள். கணக்கில் '7ஐக் கீழே எழுதுங்கள், 1ஐப் பத்துகள் இடத்தின் மேலே போடுங்கள்' என்று ஒவ்வொரு படியாகச் சொல்லத் தெரியாவிட்டால், விடை தெரிந்த பிள்ளையும் பாதித் தாளோடு வெளியே வரும்.