ட்ரியெஸ்தே படம்: ‘முத்தையா இல்லம்’ குழுவில் ஒரு ஞாயிறு

மாலா சித்தி: அனைவருக்கும் காலை வணக்கம் 🌹

கார்த்தி: 📷 படம்

கார்த்தி: இத்தாலியில் ட்ரியெஸ்தே நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே உள்ள சதுக்கம். தரையில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள், தெரிகிறதா? 1938 செப்டம்பர் 18 அன்று இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி இங்கேதான் மேடை போட்டு, யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களைப் பற்றி ஊருக்கு அறிவித்தார். சதுக்கம் நிறையக் கூட்டமாம்.

மாலா சித்தி: கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, அழகு. குளிருக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போனாயா?

கார்த்தி: போட்டிருக்கிறேன் சித்தி 😀

ராஜு பெரியப்பா: யூதர்களைக் கொன்றது ஹிட்லர் அல்லவா கார்த்தி? முசோலினி அவன் பின்னால் போனவர், அவ்வளவுதான். அவர் காலத்தில் இத்தாலியில் ரயிலெல்லாம் நேரத்துக்கு ஓடியது என்று எங்கள் வாத்தியார் சொல்லுவார்.

விஜயா அத்தை: ரயில் ஓடியது இருக்கட்டும் அண்ணா, அதில் யார் யாரை ஏற்றினார்கள் என்று கேளுங்கள்.

கார்த்தி: பெரியப்பா, இங்கேயும் நிறையப் பேர் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் 1938 சட்டங்களை ஜெர்மனி கேட்டு இவர்கள் போடவில்லை. அதற்கு முந்தைய வருடமே ஆப்பிரிக்கக் காலனிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தாயிற்று. உள்ளூர்ப் பெண்ணோடு குடும்பம் நடத்தும் இத்தாலியனுக்கு 5 வருடம் வரை சிறை.

கார்த்தி: இந்த ஊரில் கதை இன்னும் முன்னாலேயே ஆரம்பிக்கிறது. முதல் உலகப் போர் வரை ட்ரியெஸ்தே ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகம். ஸ்லோவேனியர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். அவர்களுக்கு ‘நரோத்னி தோம்’ என்று பெரிய கட்டடம் இருந்தது. நாடக அரங்கு, வங்கி, ஓட்டல் எல்லாம் அதற்குள்ளேயே. 1920 ஜூலை 13 அன்று முசோலினியின் ஆட்களான பாசிஸ்டுகள் அதற்குத் தீ வைத்தார்கள். முசோலினி பிரதமராவதற்கு இரண்டு வருடம் முன்பு!

நிவேதா: கார்த்தி அண்ணா, அப்போது போலீஸ் எங்கே போயிற்று?

கார்த்தி: இருந்தது. தடுக்கவில்லை. போரிஸ் பாஹோர் என்ற ஸ்லோவேனிய எழுத்தாளர் 6 வயதில் அந்த நெருப்பைப் பார்த்தவர். 108 வயது வரை இருந்து 2022இல்தான் காலமானார். கடைசி வரை அதைப் பேசிக்கொண்டே இருந்தார்.

கார்த்தி: அப்புறம் பள்ளிக்கூடம். 1923 கல்விச் சீர்திருத்தத்தோடு ஸ்லோவேனிய, குரோவேசிய வகுப்புகளை வருடத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். 1927 முதல் இந்தப் பகுதியில் குடும்பப் பெயர்களையும் மாற்றினார்கள். வோதோபிவெட்ஸ் என்று இருந்தால் பெவிலாக்வா. உயிரோடிருப்பவரின் பெயரை அரசாங்கம் ஒரு தாளில் மாற்றி எழுதிக் கையில் கொடுக்கும்.

ராஜு பெரியப்பா: அட.

மாலா சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாலா சித்தி: தப்பாக வேறு குழுவுக்கான இட்லிப் பொடி இங்கே வந்துவிட்டது 🙏

விஜயா அத்தை: இட்லிப் பொடி இருக்கட்டும் மாலா. கார்த்தி, 1938 ஆகஸ்டில் ஒரு கணக்கெடுப்பு நடந்ததே, அதைச் சொல்.

கார்த்தி: நீங்களே சொல்லுங்கள் அத்தை, உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

விஜயா அத்தை: சரி. சட்டம் வருவதற்கு முன்பே, ஆகஸ்ட் 22 அன்று யூதர்களை மட்டும் தனியாகக் கணக்கெடுத்தார்கள். தாய் தகப்பனில் ஒருவராவது யூதராக இருப்பவர்கள் 58,412 பேர். அதில் யூதர் என்றே பதிவானவர்கள் 46,656. மொத்த நாட்டில் ஆயிரத்துக்கு ஒருவர்தான். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவள் நான், எனக்கு அந்த வேலை தெரியும். கதவைத் தட்டி, தண்ணீர் வாங்கிக் குடித்து, பெயர் வயது எழுதிக்கொண்டு வருவோம். அந்த நகராட்சி குமாஸ்தாக்களும் அப்படித்தான் போயிருப்பார்கள். யார் மேலும் கோபம் இல்லாமல்.

நிவேதா: அத்தை 😟

விஜயா அத்தை: செப்டம்பர் 5ஆம் தேதி உத்தரவு. யூத ஆசிரியர்கள், மாணவர்கள் யாருக்கும் அரசுப் பள்ளியில் இடமில்லை. மிலானில் லிலியானா செக்ரே என்ற குழந்தைக்கு அப்போது 8 வயது. பள்ளிக்கூடம் வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் என்ன தப்பு செய்தேன் என்று அந்தக் குழந்தைக்குப் புரியவில்லை. பிறகு ஜெர்மானியரின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குப் போய், உயிரோடு திரும்பி, 2018இல் அந்த நாட்டுக்கே ஆயுள் கால செனட்டராக நியமிக்கப்பட்டார்.

விஜயா அத்தை: நவம்பரில் பெரிய சட்டம். கலப்புத் திருமணம் கூடாது. ராணுவத்தில், அரசு வேலையில் கூடாது. யூதரல்லாத வேலைக்காரர் கூடாது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சுற்றறிக்கை. வீட்டில் ரேடியோ வைத்திருக்கக் கூடாது. தொலைபேசிப் புத்தகத்தில் பெயர் வரக் கூடாது. செத்தால் பேப்பரில் இரங்கல் விளம்பரம் கூடாது. யாரோ ஒருவர் அலுவலக மேஜையில் உட்கார்ந்து, வேறு என்ன பாக்கி என்று யோசித்திருக்கிறார் பாருங்கள்.

ராஜு பெரியப்பா: விஜயா, அவர்கள் அரசாங்கத்தை எதிர்த்தார்களா? ஒழுங்காக இருந்தவர்களையுமா இப்படிச் செய்தார்கள்?

விஜயா அத்தை: அண்ணா, எத்தொரே ஓவாட்சா என்று தூரின் நகரத்து வங்கிக்காரர். யூதர். ஆனால் முசோலினியின் தீவிர பக்தர், யூதர்களிலேயே பாசிஸ்டுகளுக்காகப் பத்திரிகை நடத்தினவர். தன்னைப் போன்ற விசுவாசியை ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டே இருந்தார். ஜெர்மானியர் இத்தாலிக்குள் புகுந்த பிறகு, 1943 அக்டோபரில் அவரையும் மனைவி மக்களையும் ஹிட்லரின் எஸ்.எஸ். படை கொன்று, ஒரு பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அடுப்பில் எரித்தது.

ராஜு பெரியப்பா: ...

கார்த்தி: அந்த அக்டோபர் 16இல்தான் ரோமில் வீடு வீடாகப் பிடித்தது. 1,259 பேர். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள். திரும்பி வந்தது 16 பேர். பிடிக்க வந்த ஜெர்மானியர் கையில் பெயரும் விலாசமும் தயாராக இருந்தன.

விஜயா அத்தை: நான் சொன்ன கணக்கெடுப்பு எதற்குப் பயன்பட்டது என்று இப்போது தெரிகிறதா? பட்டியலை அன்றன்றைக்குச் சரிபார்த்து வைத்திருந்தார்கள். அதே 1943 நவம்பர் 30 அன்று முசோலினியின் அரசே, யூதர்கள் அனைவரையும் கைது செய்யச் சொல்லி உத்தரவு போட்டது. அதற்குப் போனது இத்தாலியப் போலீஸ். ஹிட்லர் மேல் மட்டும் பழி போட முடியாது அண்ணா.

நிவேதா: யூதர்களை மட்டும்தானா?

கார்த்தி: இல்லை. நாடோடிகளாகத் திரியும் ரோமா மக்களைப் பிடித்து அடைக்க 1940 செப்டம்பரில் சுற்றறிக்கை. சிசிலியின் கத்தானியாவில் ஓரினச் சேர்க்கையாளர்கள் என்று ஆண்களைப் பிடித்து சான் டொமினோ தீவில் வைத்தார்கள். இத்தாலி பிடித்து வைத்திருந்த ராப் தீவின் முகாமில் ஸ்லோவேனியர்களும் குரோவேசியர்களும். அங்கே பசியிலும் நோயிலும் செத்தவர்களே ஆயிரத்துக்கு மேல்.

கார்த்தி: எங்கள் அறிவியல் துறைக்கு நடந்ததையும் சொல்கிறேன். இயற்பியல் மேதை ஃபெர்மியின் மனைவி லாரா யூதர். 1938 டிசம்பரில் நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போன குடும்பம் அப்படியே அமெரிக்காவுக்குப் போய்விட்டது. பாதுவாவில் இயற்பியல் பேராசிரியர் ப்ரூனோ ரோஸ்ஸியின் வேலை போயிற்று. தூரினில் ரீத்தா லேவி மோந்தால்சினி படுக்கையறையில் ஆய்வுக்கூடம் வைத்து, கோழிக் கருவில் நரம்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1986இல் அவருக்கும் நோபல்.

நிவேதா: படுக்கையறையிலா!! எங்கள் லேபில் ஏசி வேலை செய்யவில்லை என்று நாங்கள் புலம்புகிறோம்.

கார்த்தி: ரோமில் காஸ்தெல்நுவோவோ என்ற கணித மேதை, கல்லூரியில் சேர முடியாத யூதப் பிள்ளைகளுக்கு ரகசியமாகப் பல்கலைக்கழகமே நடத்தினார்.

மாலா சித்தி: படிப்பை மட்டும் விடவில்லை பார். நிவேதா, காதில் விழுகிறதா?

நிவேதா: அம்மா, ஞாயிற்றுக்கிழமையிலுமா 🙄

கார்த்தி: 📷 படம்

கார்த்தி: இது போன வாரம் போனது. சான் சப்பா. முன்பு நெல் உமி நீக்கும் ஆலை.

ராஜு பெரியப்பா: ரைஸ் மில்லா?

கார்த்தி: ஆமாம் பெரியப்பா. ஜெர்மானியர் ட்ரியெஸ்தேயைப் பிடித்த பிறகு அதையே முகாமாக்கினார்கள். உள்ளே 17 குட்டி அறைகள். ஒவ்வொன்றிலும் ஆறு பேர் வரை அடைப்பார்களாம். நான் உள்ளே நின்று பார்த்தேன், இரண்டு கையையும் விரித்தால் சுவர் இடிக்கிறது. ஆலையிலேயே பிணம் எரிக்கும் உலையும் வைத்திருந்தார்கள். ஓடும்போது வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அது இருந்த இடத்தை முற்றத்துத் தரையில் இரும்புத் தகடு பதித்துக் காட்டுகிறார்கள். இங்கே செத்தவர்களில் பெரும்பாலோர் எதிர்ப்புப் படையினர், ஸ்லோவேனியர், குரோவேசியர். யூதர்களை இங்கே வைத்திருந்து ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள்.

ராஜு பெரியப்பா: இதற்கெல்லாம் யாரையாவது தண்டித்தார்களா?

கார்த்தி: 1976இல் இந்த ஊரிலேயே வழக்கு நடந்தது. முகாமின் தளபதியாக இருந்த ஓபர்ஹௌசருக்கு ஆயுள் தண்டனை. ஆள் வரவில்லை. மியூனிக்கில் ஒரு பீர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1979இல் அங்கேயே செத்துப் போனார்.

விஜயா அத்தை: அது ஜெர்மன்காரர் கதை. இத்தாலியக் கதை இன்னும் நன்றாக இருக்கும். யார் ஆரியர், யார் யூதர் என்று முடிவு செய்ய ‘இனத் தீர்ப்பாயம்’ என்று ஒன்று வைத்தார்கள். அதன் தலைவர் கயித்தானோ அட்ஸாரித்தி. போர் முடிந்தது, குடியரசு வந்தது. 1957இல் இத்தாலியின் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கே தலைவர் ஆனார்.

ராஜு பெரியப்பா: அதே ஆளா? நன்றாகப் பார்த்தாயா விஜயா?

விஜயா அத்தை: அதே ஆள்தான். 1961இல் சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

ராஜு பெரியப்பா: நல்ல சர்வீஸ் ரெக்கார்டு என்று போட்டிருப்பார்கள்.

நிவேதா: கார்த்தி அண்ணா, அந்தக் கணித வாத்தியார் பெயரைத் தமிழில் சரியாக அனுப்புங்கள். துறை அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும்.

கார்த்தி: குயீதோ காஸ்தெல்நுவோவோ. படமும் தேடி அனுப்புகிறேன்.