ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்: எதில் தொடங்குவது, எங்கே கனக்கும்?

கேள்வி:
ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் என்ற ஜப்பானிய அனிமே தொடங்கலாம் என்றிருக்கிறேன். 2001-இல் ஒரு தொடர், 2019-இல் ஒரு தொடர், போதாததற்கு ஒரு படமும் இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது? சாபம், மனக்காயம் என்கிறார்கள், ஆனால் முதல் சில எபிசோடுகள் கலகலப்பாகத்தானே போகின்றன? பெரிய ஸ்பாய்லர் வேண்டாம்.

பதில் 1:
2019 தொடரையே பாருங்கள். மூன்று சீசன், 25 + 25 + 13, மொத்தம் 63 எபிசோடு. 2001 தொடர் 26 எபிசோடுதான். அது வந்தபோது மூலக் கதையான மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) பாதியில் இருந்தது (முடிந்தது 2006-இல்), அதனால் முடிவைத் தாங்களாகவே கட்டினார்கள். சாபம் பிடித்த சோமா குடும்பத்தின் தலைவர் அகிட்டோவின் பாத்திரமும் அதில் வேறு மாதிரி நிற்கிறது. அதை முதலில் பார்த்தால் மூன்றாவது சீசன் குழப்பும். 2022-இல் வந்த 'ப்ரீலூட்' படம் கடைசியில். கதாநாயகி டோருவின் அம்மா கியோகோவின் கதை அது, தொடரில் விட்டுப்போன பகுதி. கியோகோவுக்கும் அவள் கணவர் கட்சுயாவுக்கும் உள்ள வயது வித்தியாசம் சிலருக்கு உறுத்தும், தெரிந்துகொண்டே பாருங்கள்.

இன்னொன்று: அகிட்டோ பெயரைத் தேடுபொறியில் போடாதீர்கள். முதல் வரியிலேயே ரகசியம் போய்விடும்.

பதில் 2:
சோமா குடும்பத்தில் சிலர், எதிர்பாலினத்தவர் அணைத்தால் சீன ராசி விலங்காக மாறுவது சாபத்தின் வெளித்தோற்றம்தான். உடல் தளர்ந்தாலும் மாறுவார்கள். மனித உருவம் திரும்பும்போது உடை கூடவே வராது, காமெடி முழுக்க அதில்தான். உண்மையான சாபம், குடும்பத் தலைவரான அகிட்டோவை விட்டு விலகவே முடியாத அந்தப் பிணைப்பு. அடித்தாலும் திரும்பிப் போவார்கள். ஏழாவது எபிசோடில் குடும்பத்து மருத்துவர் ஹடோரியின் கண்ணுக்கு என்ன ஆனது என்று வரும். கலகலப்புக்கு அடியில் இருப்பது அங்கே தெரிந்துவிடும்.

முதல் சீசனின் கடைசி எபிசோடுகளில், பூனையாக மாறும் கியோவின் மணி வளையலைக் கவனியுங்கள். மகனின் கையில் அது இருக்கிறதா என்று அவன் அம்மா ஓயாமல் சரிபார்ப்பாள். வாய் அன்பு என்று சொல்லும், விரல்கள் பயத்தோடு மணிகளைத் தடவும். பிள்ளைக்கு எது போய்ச் சேரும்? கதையில் பெற்றோர் செய்யும் காயங்களில் பாதி இந்த மாதிரிதான், கத்தாமலேயே நடக்கும்.

கேட்டவர்:
இரண்டாவது சீசன் இழுவை என்கிறார்களே, தாண்டிப் போகலாமா?

பதில் 3:
கூடாது. இழுவை என்று சொல்வது பெரும்பாலும் பள்ளி மாணவர் மன்றப் பகுதிகளை. கியோ-டோரு காதலை மட்டும் எதிர்பார்த்து வருபவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் எலியாக மாறும் யூகி மீண்டுவருவதே அங்கேதான். சின்ன வயதில் இருட்டறையில் அடைக்கப்பட்டவன், தன்னைக் கும்பிடாத, தன்னோடு சண்டை போடும் நண்பனை அங்கே கண்டுபிடிக்கிறான். அதை விட்டால், டோருவிடம் அவன் தேடியது என்ன என்று சொல்லும் இடம் திடீரென்று வந்த மாதிரி இருக்கும். சோமா குடும்பத்துப் பெண் ரின் வரும் எபிசோடுகள் அதே சீசனில். பெற்றோர் வன்முறை நேரடியாகக் காட்டப்படுவதால், அந்த விஷயம் தாங்காதவர்கள் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம்.

பதில் 2:
கடவுள் விலங்குகளுக்கு வைத்த விருந்தைப் பற்றி எலி பூனையை ஏமாற்றிய அந்தக் கதையையும் மறக்காதீர்கள். மூன்றாவது சீசனில் அதே கதை வேறு விதமாக வரும்போது, சாபம் ஏன் ஒவ்வொருவராக அவிழ்கிறது என்பது அதிலிருந்துதான் புரியும்.