எக்ஸ்டெரா 2008: கியர் ஆயில் மாற்றி தனி கூலர் போடணும், ரேடியேட்டரை பைபாஸ் பண்ணலாமா?

ஷார்ஜா_மணல்

வணக்கம். வண்டி 2008 நிசான் எக்ஸ்டெரா, 4.0 வி6, 5 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், ஜிசிசி ஸ்பெக் (வளைகுடா நாடுகளுக்கான மாடல்). ஓட்டம் 1,92,000 கி.மீ. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கு ரசீது எதுவும் இல்லை. ரேடியேட்டர் கம்பெனியில் இருந்து வந்ததேதான். கியர் மாறுவதில் இப்போதைக்குக் குறை கிடையாது. வார இறுதியில் அல் பதாயர் மணலில் ஓடும், கோடையிலும்.

கேட்க வேண்டியவை: எந்த ஆயில், எத்தனை லிட்டர்? மெஷின் வைத்து ஃபிளஷ் செய்கிறேன் என்கிறது ஒரு கராஜ், விடலாமா? வெளியே தனி ஏர் கூலர் போட்டால் ரேடியேட்டர் வழியாகப் போகும் ஆயில் லைனை முழுசாக வெட்டிவிடலாமா? ஹோஸ், கிளாம்ப் விஷயத்தில் எதைக் கவனிக்கணும்?

திருகுசாவி

ஆயிலும் கூலரும் அப்புறம். முதலில் ரேடியேட்டர்.

2005 முதல் 2010 வரை வந்த எக்ஸ்டெரா, ஃபிரன்டியர், பாத்ஃபைண்டர் மூன்றுக்கும் தெரிந்த வியாதி இது. கியர் ஆயிலைக் குளிர்விக்கும் சின்ன கூலர் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சுற்றிலும் கூலன்ட், அதற்குள் ஆயில். அது விரிசல் விட்டால் இரண்டும் கலந்து ரோஸ் நிற நுரையாகும். அமெரிக்காக்காரர்கள் இதற்கு ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் என்றே பேர் வைத்துவிட்டார்கள். அங்கே நிசான் இந்த ரேடியேட்டருக்கு மட்டும் வாரண்டியை 8 வருடம், 80,000 மைல் என நீட்டிக் கொடுத்தது. உங்கள் வண்டியின் வயசுக்கு அந்தப் பேச்சே இல்லை.

எஞ்சின் ஓடும்போது ஆயில் பக்கம்தான் அழுத்தம் அதிகம், அதனால் ஆயில் கூலன்டுக்குள் போகும். சூடான வண்டியை ஆஃப் செய்ததும் பம்ப் நின்று ஆயில் அழுத்தம் இறங்கிவிடும். கூலன்ட் பக்கமோ இறக்கி வைத்த பிரஷர் குக்கர் மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தத்தோடு நிற்கும். கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் இறங்குவது அப்போதுதான். ராத்திரி ஒழுங்காக நிறுத்திய வண்டி காலையில் உதறுவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

உள்ளே போன கூலன்ட் செய்யும் வேலை மோசமானது. கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் லைனிங் காகித வகை. தண்ணீரை உறிஞ்சும், கூலன்டில் இருக்கும் கிளைக்கால் அதன் பசையைக் கெடுக்கும். மழையில் ஊறிய சுவரொட்டி போல உரிந்து வரும். போதாததற்கு இந்த கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரே, ஆயிலை வழிகளில் பிரித்துவிடும் வால்வ் பாடியோடு சேர்ந்து, அடியில் இருக்கும் ஆயில் பேனுக்குள் (தொட்டி), ஆயிலிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஆயில் மாற்றிக் கழுவினால் சரியாகிவிடும் என்ற கணக்கு பெரும்பாலும் பலிக்காது.

இன்றைக்கே பார்க்க வேண்டியது: எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மூடியின் அடியிலும் கூலன்ட் மேலும் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். ரிசர்வாயர் கழுத்தில் பிசுபிசுப்பு இருக்கிறதா? கியர் டிப்ஸ்டிக் ஆயில் பால் கலந்த மாதிரி தெரிகிறதா? சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டை சூடான இரும்புத் தகட்டில் விடுங்கள். சுத்தமான ஆயில் புகைவிட்டுப் பரவும். தண்ணீர் இருந்தால் தாளிக்கும்போது கடுகு வெடிப்பது போலப் படபடக்கும். 60–80 கி.மீ. வேகத்தில் லேசாக மிதித்தபடி போகும்போது, தடதடப்பான் மேல் ஏறியது போல ஒரு நடுக்கம் வந்தால் அதுவும் அறிகுறி. எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்காமல் லாக் ஆவது அந்த வேகத்தில்தான்.

கலந்திருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், ரிக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். கலக்கவில்லை என்றாலும் அந்தப் பழைய ரேடியேட்டரோடு இந்தக் கோடையில் மணலுக்குப் போகாதீர்கள்.

கியர்பெட்டி

ரேடியேட்டர் விஷயம் மேலே சொன்னபடிதான். ஆயிலுக்கு வருகிறேன்.

இந்த கியர்பாக்ஸ் ஜாட்கோவின் ஆர்இ5ஆர்05ஏ. கம்பெனியில் முதலில் ஊற்றியது நிசானின் மேட்டிக் ஜே ஆயில். அதற்குப் பதிலாக வந்தது மேட்டிக் எஸ், அதையே ஊற்றலாம். கடைக்காரர் என்எஸ்-2 அல்லது என்எஸ்-3 டின்னை எடுத்து வைத்தால் திருப்பிக் கொடுங்கள். அவை சிவிடி (பெல்ட் வகை ஆட்டோமேட்டிக்) ஆயில். நிசான் என்ற பேரைப் பார்த்து நீட்டிவிடுவார்கள்.

மொத்தக் கொள்ளளவு 10.3 லிட்டர். டிரெய்ன் பிளக்கைக் கழற்றினால் 4.5 லிட்டர் போல வரும். மிச்சம் கன்வெர்ட்டரிலும் வழிகளிலும் தங்கிவிடும். ஆக ஒரு தடவை மாற்றினால் 44 சதவீதம்தான் புது ஆயில். சில நூறு கி.மீ. ஓட்டி இரண்டாம் தடவை மாற்றினால் 68, மூன்றாம் தடவை 82. அதற்கு 13.5 லிட்டர் செலவு. கூலர் லைன் வழியாக மாற்றினால் ஏறக்குறைய அதே ஆயிலில் இன்னும் நன்றாகச் சுத்தமாகும். ஆனால் இரண்டு பேர் வேண்டும்.

முறை இது. டிரெய்ன் செய்து, வந்ததை அளந்து, அதே அளவு புது ஆயிலை டிப்ஸ்டிக் குழாய் வழியாக நீளக் கழுத்துப் புனல் வைத்து ஊற்றுங்கள். கியர்பாக்ஸுக்குத் திரும்பி வரும் லைனைக் கழற்றி, கூலர் பக்கம் இருந்து வரும் முனையை அளவுக் கோடு போட்ட கேனுக்குள் விடுங்கள். ஒருவர் ஸ்டார்ட் செய்ய, மற்றவர் கேனைப் பார்க்கணும். ஒரு லிட்டர் வந்ததும் ஆஃப். சில வினாடிகளிலேயே வந்துவிடும், அசந்தால் பம்ப் காற்றை இழுக்கும். ஒரு லிட்டர் ஊற்றி, மறுபடி ஸ்டார்ட். வரும் ஆயில் நிறம் தெளியும் வரை இப்படியே. 12 முதல் 14 லிட்டர் வாங்கி வையுங்கள். பாதியில் தீர்ந்து கடைக்கு ஓடுவதைவிட ஒரு லிட்டர் மிஞ்சுவது மேல்.

கராஜ் சொல்லும் மெஷின், கியர்பாக்ஸின் சொந்த பம்ப் தள்ளும் ஆயிலை வாங்கிக்கொண்டு அதே அளவு புதுசை விடுவதாக இருந்தால் தவறில்லை. தன் அழுத்தத்தில் எதிர்த் திசையில் தள்ளும் வகை என்றால் வேண்டாம். ஸ்ட்ரெய்னரில் (உள்ளே இருக்கும் வடிகட்டி வலை) படிந்த தூளை வால்வ் பாடிக்குள் ஏற்றிவிடும். கிளீனர் கெமிக்கல் எதுவும் ஊற்ற விடாதீர்கள்.

டிரெய்ன் பிளக் வாஷர் புதுசு, முறுக்கு 34 நியூட்டன் மீட்டர். ஊற்ற வழி இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே டிரெய்ன் பிளக்கில் கை வைக்கணும். டிப்ஸ்டிக்கை ஒரு 10 மி.மீ. போல்ட் பிடித்திருக்கும், துருப்பிடித்து இறுகியிருந்தால் முந்தின நாளே அதைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

அளவு பார்ப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எஞ்சின் ஓடணும், தரை சமமாக இருக்கணும், பிரேக் மிதித்தபடி எல்லா கியரிலும் ஒரு சுற்றுப் போய் பார்க்கில் நிறுத்தணும். கோல்ட் குறி ஆயில் 30–50 டிகிரியில் இருக்கும்போது. ஹாட் குறி 65 டிகிரிக்கு. கியர்பாக்ஸ் வெப்பம் காட்டும் ஸ்கேனர் இருந்தால் ஊகமே வேண்டாம். குழாய்ச் சுவரில் ஒட்டிய ஆயில் குச்சியில் தடவிவிடும், அதனால் இரண்டு பக்கமும் பார்த்து, குறைவாகக் காட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். 90 டிகிரியில் பார்த்துவிட்டு ஹாட் குறிக்கு மேலே நிற்கிறதே என்று உறிஞ்சி எடுப்பது வழக்கமான தப்பு. நிஜமாகவே அதிகமானால் நுரைத்து பிரீதர் (காற்றுப் போகும் துளை) வழியாகக் கக்கும். குறைந்தால் மணல் மேட்டில் வண்டி சாயும்போது பம்ப் காற்றை இழுக்கும்.

நாலுவீல்_துபாய்

பைபாஸ் பற்றி. பழைய ரேடியேட்டரை மாற்றாமல் விடுவதாக இருந்தால் பைபாஸ் கட்டாயம், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. குளிர் நாட்டில் ஆயில் சூடாக நேரமாகும் என்று யோசிப்பார்கள். ஷார்ஜாவில் அந்தக் கவலை எதற்கு? லைனை முழுசாக ஏர் கூலருக்குத் திருப்பிவிட்டால், ரேடியேட்டர் உள்ளே உடைந்தாலும் கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. ரேடியேட்டரில் சும்மா நிற்கும் இரண்டு நிப்பிளுக்கும் ரப்பர் மூடி போடுங்கள்.

கூலர் ஸ்டாக்டு பிளேட் (தட்டுகளை அடுக்கிய) வகையாக வாங்குங்கள். குழாய் வளைத்து ஃபின் ஒட்டிய வகையும் வேலை செய்யும், ஆனால் அதே வெப்பத்தை இறக்க அதிக இடம் கேட்கும். ஏசி கண்டென்சருக்கு முன்னால் இரும்புப் பட்டை அடித்து மாட்டுங்கள். ஃபின்னுக்குள் பிளாஸ்டிக் டை குத்தி இறுக்கும் கிட் வேண்டாம், மணலில் ஆடி ஆடி கண்டென்சரையே அறுத்துவிடும். நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. நிப்பிள் மேல் பார்த்தோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழ் பார்த்தால் காற்று மேலே சிக்கும்.

ஹோஸ் எஸ்ஏஇ ஜே1532 என்று அச்சிட்ட டிரான்ஸ்மிஷன் ஆயில் ஹோஸ்தான். பெட்ரோல் ஹோஸ் பார்க்க அதே மாதிரி இருக்கும், சூட்டில் இறுகி வெடிப்பு விடும். வாங்கும் முன் இரும்பு லைனையும் கூலர் நிப்பிளையும் வெர்னியரில் அளந்துவிடுங்கள். 8 மி.மீ. குழாயில் 10 மி.மீ. ஹோஸ் மாட்டி கிளாம்பால் இறுக்கிச் சமாளித்தால் நடு மணலில் கழன்று விழும். கிளாம்ப் ஃபியூயல் இஞ்ஜெக்‌ஷன் வகை. பட்டையில் துளை போட்ட புழு கிளாம்ப் ரப்பரை வெட்டும்.

திருகுசாவி

@நாலுவீல்_துபாய், பழைய ரேடியேட்டரை வைத்துக்கொண்டு பைபாஸ் என்றால் சரி. ஆனால் 2008 வண்டியின் ரேடியேட்டரை எப்படியும் மாற்றித்தான் ஆகணும். புதுசு போட்ட பிறகும் பைபாஸ் எதற்கு?

மணலில் ஆயில் எப்போது சூடாகிறது? வேகம் 15–20 கி.மீ., கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும்போது. அந்த நேரத்தில் கிரில் வழியாக வரும் காற்று சொற்பம். விசிறியும் எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பொறுத்தது. ஏர் கூலர் பலவீனமாக இருப்பது சரியாக அந்த இடத்தில். கூலன்ட் வழியாக வெப்பத்தை எடுக்கும் தொட்டிக் கூலருக்குக் காற்று வேகம் அவ்வளவு பொருட்டில்லை. ஆகவே 2010-க்குப் பின் திருத்தி வந்த ரேடியேட்டரைப் போட்டு, கியர்பாக்ஸ், ரேடியேட்டர், ஏர் கூலர், மறுபடி கியர்பாக்ஸ் என்ற வரிசையில் விடுவதுதான் மணல் வண்டிக்கு என் தேர்வு. வரிசையை மாற்றினால் ஏர் கூலர் ஆற்றிய ஆயிலை 90 டிகிரி கூலன்ட் திரும்பச் சூடாக்கும்.

நாலுவீல்_துபாய்

ஒத்துக்கொள்கிறேன், புது ரேடியேட்டர் என்றால். ஆனால் அதை இத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று தேதி குறித்து மாற்றும் ஆளுக்குத்தான் அது சரி. தண்ணீர் ஒழுகின பிறகு பார்த்துக்கலாம் என்கிற ஆளுக்கு பைபாஸ்.

ஷார்ஜா_மணல்

எல்லோருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன்: கூலன்டில் படலம் இல்லை, தகட்டில் சொட்டு படபடக்கவில்லை. ஆயில் கறுத்த பழுப்பு, கருகல் வாடை இல்லை. புது ரேடியேட்டரும் ஏர் கூலரும் வரிசையாகப் போடுவதாக முடிவு. பேனைக் கழற்றி ஃபில்டர் மாற்றணுமா? லைனில் தனி ஃபில்டர் போடுவது வீண் செலவா?

கியர்பெட்டி

உள்ளே இருப்பது கம்பி வலை ஸ்ட்ரெய்னர், காகித ஃபில்டர் இல்லை. கசிவு இல்லாதவரை முதல் தடவையே பேனைத் திறக்க அவசியம் இல்லை. திறந்தால் கேஸ்கெட் புதுசு, போல்ட் 7.9 நியூட்டன் மீட்டர் மட்டும். கை பலத்தில் இறுக்கினால் தகடு வளைந்து அதற்கப்புறம் கசியத்தான் செய்யும். பேனுக்குள் இருக்கும் மேக்னட்டில் சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் இயல்பு. விரல் நுனியில் குத்தும் சில்லு வந்தால் வேறு கதை. கம்ப்யூட்டர் அங்கேதான் இருக்கிறது, வயர் கனெக்டரை இழுக்காதீர்கள்.

லைன் ஃபில்டர் வீண் இல்லை, மேக்னட் வைத்த மேக்னஃபைன் வகை போதும். அடைத்தாலும் ஆயில் போக உள்ளேயே பைபாஸ் வால்வ் உண்டு. கூலருக்குப் பின், திரும்பி வரும் லைனில், அம்புக்குறி கியர்பாக்ஸைப் பார்க்க. முதல் ஃபில்டரை 5,000 கி.மீ.யில் கழற்றிவிடுங்கள், பழைய தூளெல்லாம் அதில்தான் சேரும். பிறகு ஆயில் மாற்றும்போதெல்லாம்.

எந்த லைன் கியர்பாக்ஸுக்குத் திரும்பி வரும் லைன் என்று ஊகிக்க வேண்டாம். ஒன்றைக் கழற்றி இரண்டு முனையையும் தனித்தனி பாட்டிலில் விட்டு ஒரு வினாடி ஸ்டார்ட் செய்தால் தெரிந்துவிடும்.

வேலை வரிசை: ரேடியேட்டர், கூலர், ஃபில்டர் எல்லாம் மாட்டி முடித்துக் கடைசியில் ஆயில் மாற்றுங்கள். புதுக் கூலரும் ஹோஸும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், 10.3 என்ற எண்ணை மறந்துவிட்டு டிப்ஸ்டிக்கை நம்புங்கள்.

நாலுவீல்_துபாய்

முடித்ததும் நேராக மணலுக்குப் போகாதீர்கள். 50 கி.மீ. ரோட்டில் ஓட்டி, கீழே படுத்து ஒவ்வொரு கிளாம்பையும் டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பாருங்கள். ஸ்கேனரில் சாதா ஓட்டத்துக்கு 80–95 டிகிரி நல்லது. 120 தாண்டினால் மேட்டின் நிழலில் நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு இறங்கும் வரை காத்திருங்கள். ஆஃப் செய்தால் ஆயில் சுற்றுவது நின்றுவிடும். மென்மணலில் 4 ஹையில் (நாலு சக்கர ஓட்டத்தின் சாதா கியர்) மிதித்துத் தள்ளுவதைவிட 4 லோவில் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் 2.6 மடங்கு கியர் குறைத்துக் கொடுக்கும். கன்வெர்ட்டர் வழுக்கல் குறையும், ஸ்கேனரில் அந்த வித்தியாசம் உடனே தெரியும்.