மறு: கேம் மாஸ்டருக்குத் தமிழில் என்ன சொல்? – கட்டியக்காரர்

குழுவினருக்கு வணக்கம்.

கேம் மாஸ்டருக்குத் தமிழ்ச்சொல் கேட்ட இழையில் இதுவரை ஆட்ட நடத்துநர், நடுவர், சூத்திரதாரி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. இதில் என் சுயநலமும் உண்டு. சென்னையைக் களமாக வைத்து ஒரு பாத்திரமேற்பு விளையாட்டை (ரோல் பிளேயிங் கேம்) நானே எழுதி, நானே அச்சிடப் போகிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதே, அந்த ஒரு இரவுதான் கதை. பதிப்பாசிரியர் யாரும் இல்லை. நான் போடுகிற சொல் அப்படியே அச்சேறிவிடும், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

(பாத்திரமேற்பு என்றதும் எவர்சில்வர் கடை ஞாபகம் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வரட்டும். நாடகத்திலும் சினிமாவிலும் பழகிய சொல்தானே.)

ஆடிப் பார்க்காதவர்களுக்காக: நாலு பேர் உட்கார்ந்தால் மூன்று பேருக்கு ஆளுக்கொரு பாத்திரம். நாலாவது ஆளுக்குத் தனியாக எதுவும் கிடையாது, ஆனால் மீதி உலகம் முழுக்க அவர்தான். அவரைத்தான் கேம் மாஸ்டர் என்கிறோம். ஜட்கா வண்டிக்காரராக ஆடுபவர் "கிடங்குச் சுவரேறிக் குதிக்கிறேன்" என்பார். உடனே இவர் காவலாளியாகி, "லாந்தரைத் தூக்கிப் பார்க்கிறான். யார்ரா அது? என்ன பதில் சொல்கிறாய்?" என்று கேட்பார். பதில் எடுபட்டதா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். தாயம் விழுந்தால் என்ன, பன்னிரண்டு விழுந்தால் என்ன என்று கதையை மேலே கொண்டுபோவது மறுபடி இவர் வேலை.

இந்த வேலைக்கு நடத்துநர் என்றால், சென்னையில் யாருக்கும் கை சில்லறைக்குத்தான் போகும். நடுவர் என்பதற்குப் பரம்பரை உண்டு. கைகாக்ஸும் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்பு விளையாட்டின் முதல் விதிநூலே இவரை 'ரெஃப்ரீ' என்றுதான் அழைத்தது. போர் விளையாட்டிலிருந்து வந்த வழக்கம் அது. ஆனால் நம் நடுவர் பட்டிமன்ற நடுவர். இரு தரப்பையும் கேட்டு முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர், இடையில் காவலாளியாக மாறி "யார்ரா அது?" என்று கத்தமாட்டார். சூத்திரதாரி பொருத்தமான சொல்தான், செய்தித்தாள்கள் அதைக் கெடுத்துவிட்டன. குற்றத்துக்குத் திட்டம் போட்டவனைத்தான் இப்போது அப்படி எழுதுகிறார்கள்.

ஆங்கிலத்திலும் ஒரே பெயர் நிலைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பின்னால் இவருக்கு வந்த டஞ்சன் மாஸ்டர் என்ற பெயரை, அதை வெளியிடும் நிறுவனம் தன் வணிக அடையாளமாக வைத்துக்கொண்டது. பொது உரிமத்தில் விதிகளை வெளியிட்டபோதும் அந்தப் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. மற்ற பாத்திரமேற்பு விளையாட்டுகளை எழுதியவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள்: 1981-இல் வந்த கால் ஆஃப் கதுலுவில் கீப்பர், 1991-இல் வந்த வேம்பயரில் ஸ்டோரிடெல்லர். ஆகவே மாஸ்டர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

என் முன்மொழிவு கட்டியக்காரர். புரிசை, செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். முதலில் வருபவர் அவர். திரைக்குப் பின்னால் வேடம் வந்து நின்றதும், யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று துருவிக் கேட்டு வாயைத் திறக்க வைப்பவர் அவர். ராஜாவுக்குச் சேவகன், அடுத்த காட்சியில் தூதன், நடுவே கோமாளி என்று சின்ன வேடங்களை எல்லாம் அவரே ஏற்பார். வேடக்காரர்கள் பாட்டிலும் வசனத்திலும் இருக்க, இவர் மட்டும் சபையைப் பார்த்து ஊர்ப் பேச்சில் பேசுவார். மேலே சொன்ன நாலாவது ஆள் இவரேதான்.

மறுப்பு வரும் என்று தெரியும். சீவக சிந்தாமணியில் சச்சந்தனைக் கொன்று ஆட்சியைப் பிடித்த அமைச்சன் பெயர் கட்டியங்காரன். தமிழ் படித்தவர்கள் முகம் சுளிக்கலாம். அவன் பெயரில் 'ங்' இருக்கிறது, நான் 'க்' போடுகிறேன். கூத்துக்காரருக்கும் இரண்டு எழுத்துமுறையும் வழங்குவதால் இது வலுவான வாதம் இல்லைதான், ஆனால் கூத்துப் பார்க்கிற யாரும் அந்த அமைச்சனை நினைத்துப் பார்த்து நான் கண்டதில்லை. இன்னொன்று, கூத்தின் கதை ஊருக்கே தெரிந்தது, நம் ஆட்டத்தின் முடிவு யாருக்கும் தெரியாது. இந்த வித்தியாசத்தை மறுக்கவில்லை. ஆனாலும் கட்டியக்காரர் பேச்சில் பாதி அந்த இடத்தில் அப்போதைக்குத் தோன்றுவது.

அச்சு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். புத்தகம் ஏ5 அளவு, நடுவில் பின் அடிப்பது, ஒரு பக்கத்தில் இரண்டு பத்தி. 'விளையாட்டு ஒருங்கிணைப்பாளர்' என்று போட்டுப் பார்த்தேன், பத்தி அகலத்தில் அடங்காமல் 'ஒருங்கிணைப்-' வரை ஒரு வரி, 'பாளர்' அடுத்த வரி. பின் அடிக்கிற புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக வர வேண்டும். நீளமான சொல்லால் ஒரு பக்கம் கூடினால் மூன்று வெற்றுப் பக்கத்துக்கும் சேர்த்துக் காகிதம் வாங்க வேண்டும்.

அப்புறம் 'உருட்டு'. "தாயக்கட்டையை உருட்டவும்" என்று விதியில் எழுதியதைப் படித்த நண்பர்கள், இந்தக் காலத்தில் உருட்டு என்றால் புளுகு என்று சிரிக்கிறார்கள். ஆட்டத்துக்கு அதுவும் பொருத்தம்தான், மாற்றப் போவதில்லை.

எனக்கு இன்னும் பிடிபடாதது, கட்டியக்காரர் ஏற்கிற அந்த மற்ற ஆட்களுக்கான பொதுச்சொல். இப்போதைக்குத் 'துணைவேடம்' என்று வைத்திருக்கிறேன். பீரங்கிக்கு உத்தரவு கொடுக்கிற எம்டன் கேப்டனையும் துணைவேடம் என்பது உறுத்துகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள். நந்தனம் புத்தகக் காட்சி ஜனவரியில், உள்பக்கங்கள் இன்னும் அச்சகத்துக்குப் போகவில்லை.